தாங்களாகப் போனவர்கள்

நெய்வேலிக்கு நான் வந்த புதிதில் எங்கள் பிளாக்கில் நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. வரிசையாகக் குவார்ட்டர்ஸ், இடையில் செம்மண் சாலை. வெள்ளை வேட்டியைக் கொடியில் போட்டால் சாயங்காலத்துக்குள் காவியாகிவிடும். அறுபதுகளின் தொடக்கம் அது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள் நான். கணவர் மைன்ஸில் சர்வேயர். என்னிடம் சரித்திரத்தில் ஒரு பி.ஏ. பட்டம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை, அக்கம்பக்கத்தாருக்கும் தெரியவில்லை. எதிர்வீட்டுக் கோயம்புத்தூர்க்காரம்மா, "சரித்திரமா? ராசாக்க எந்த வருசம் செத்தாங்கன்னு மனப்பாடம் பண்றதுங்களே, அதுதானுங்க?" என்று அன்பாகக் கேட்டார். அதுதான் என்றேன். ராஜாக்கள் செத்த வருஷங்கள் எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தன. தோசைதான் சரியாக வராது.

ஒருநாள் வேலை முடிந்து வந்த கணவர், டிபன் கேரியரின் அடித்தட்டிலிருந்து ஒரு பானை ஓட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. "நீ படிச்ச சங்கதியா இருக்குமோன்னு எடுத்துட்டு வந்தேன்" என்றார். அடுத்து வெட்டப்போகும் பகுதியில் தண்ணீர் வடிவதற்காக ஒரு வாய்க்கால் தோண்டியிருக்கிறார்கள். முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் ஒரு மேடு. அதன் ஓரத்தை வெட்டியபோது, ஆள் உயரத்துக்குக் கீழே கறுப்பாக ஒரு பட்டை, அதற்குள் செங்கல் துண்டுகள், இந்த மாதிரி ஓடுகள். நகையும் புடவையும் வாங்கிக் கொடுத்து அவர் என்னை அவ்வளவு சந்தோஷப்படுத்தியதில்லை.

செய்தி மேலே போய், பட்டணத்திலிருந்து தொல்பொருள் பார்க்க ஓர் ஆபீசர் வந்தார். வெள்ளைத் தாடி வைத்த பெரியவராக இருப்பார் என்று நான் எண்ணியிருந்தேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருந்தால் அதிகம். தூசி பட்டால் அவருக்குத் தும்மல் வரும். மண்ணைத் தோண்டிப் பிழைக்க வந்த மனிதருக்கு இப்படி ஒரு சீக்கு. பண்ருட்டியில் ஒரு லாட்ஜில் தங்கிக்கொண்டு தினமும் காலை பஸ்ஸில் வருவார். கிடைத்த ஓடுகளைக் கழுவி, எந்தக் குழி, எந்த மண்ணடுக்கு என்று ஒவ்வொன்றின் முதுகிலும் இந்தியன் இங்க்கில் பொடி எழுத்தில் குறிக்க ஓர் ஆள் வேண்டும் என்றார். என் கையெழுத்து பொடியாக, திருத்தமாக இருக்கும். "வெயில்ல கருத்துப் போவே, பாத்துக்க" என்றார் கணவர். ஏற்கெனவே கறுப்புதானே, இனி என்ன நஷ்டம் என்று நான் மறுநாளே கிளம்பிவிட்டேன்.

அந்த மேட்டின் கிழக்குச் சரிவில் ஒரு சின்னக் குடியிருப்பு இருந்தது. பரம்பரையாக அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். சுற்றிலும் நிலம் வைத்திருந்தவர்களுக்கு ஆபீசில் போய் நின்று பேச ஒரு பட்டா இருந்தது. இவர்களுக்கு அந்தச் சரிவும் அதில் கட்டிய குடிசைகளும்தான் எல்லாம். இடத்தைக் காலி செய்ய வேண்டிவரும் என்று அவர்களுக்கு முன்பே சொல்லியாகிவிட்டது. எப்போது என்பதுதான் தெரியாமல் இருந்தது.

குழியில் மண் அள்ளவும் கூடை சுமக்கவும் அந்தக் குடியிருப்பின் பெண்களே வந்தார்கள். அவர்களில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்காவின் பேச்சைத்தான் எல்லோரும் கேட்பார்கள். நல்ல உயரம், கணீரென்ற குரல். சீசனில் காடாம்புலியூருக்கு முந்திரிக்கொட்டை உடைக்கப் போவாராம். அந்தக் கொட்டையின் பால் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். நான் ஓட்டில் எழுதுவதை முதல்நாள் குனிந்து பார்த்துவிட்டு, "ஒடஞ்ச சட்டிக்கெல்லாம் பேரு வெக்கறாங்கடி" என்று மற்றவர்களிடம் சொன்னார். அன்றிலிருந்து எனக்கு அங்கே 'எழுதறம்மா' என்று பெயர்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் ஒரே முந்திரி மரத்தடியில்தான் உட்காருவோம். ஒருநாள் நான் ஆபீசரிடம், இது எரிந்துபோன ஊரா என்று கேட்டேன். அந்தக் கறுப்புப் பட்டையைப் பார்த்த நாள் முதலாக எனக்குள் ஒரு படையெடுப்பு நடந்துகொண்டே இருந்தது. யானைப்படை, கோட்டை வாசல், தீ. என் காரணம் அற்பமானது. படித்த படிப்புக்கு ஏதாவது ஓர் அர்த்தம் வந்து சேர வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

ஆபீசர் நிதானமாக விளக்கினார். "வெறும் சாம்பல் போதாதும்மா. எதிரி வந்து கொளுத்தியிருந்தா, அந்தக் கறுப்பு ஊர் முழுக்க ஒரே மட்டத்துல ஓடணும். அதுக்குள்ள அம்புமுனை, வேல்முனை கிடக்கணும். புதைக்க ஆளில்லாம எலும்பு கிடக்கணும். எல்லாத்துக்கும் மேல, சாமான்லாம் போட்டது போட்டபடி இருக்கணும். அடுப்புல பானை, அம்மியில குழவி. உயிருக்குப் பயந்து ஓடுறவன் எதை எடுத்துப்பான்?"

பெண்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அக்கா கேட்டார்: "அப்பிடி இருந்திச்சின்னா, இந்த மேட்ட இன்னா பண்ணுவீங்க?"

"கவர்மெண்ட் வேலி போட்டுக் காப்பாத்தும். அப்புறம் யாரும் இதை வெட்ட முடியாது. மைன்ஸே ஆனாலும் சுத்திக்கிட்டுத்தான் போகணும்."

"சரிவுல இருக்கற எங்க வூடுங்க?"

"சரிவுல இருந்தா என்ன, இருந்துட்டுப் போகட்டும்" என்று சோற்றை மென்றுகொண்டே சொல்லிவிட்டார். அவர் யோசித்துச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அவர்களுக்கு அது அரசாங்க உத்தரவு மாதிரி ஆகிவிட்டது.

அதன் பிறகு அந்தக் குழியில் வேலை நடந்த விதமே வேறு. முன்பெல்லாம் பொழுது எப்போது சாயும் என்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தவர்கள், இப்போது கிளம்பச் சொன்னாலும் கிளம்புவதில்லை. அந்தக் கறுப்புப் பட்டையைக் குழந்தைக்குத் தலை வாருவதுபோல் பதமாகச் சுரண்டினார்கள். கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து ஆபீசர் முன்னால் வைத்தார்கள். ஒருநாள் ஓர் எலும்பு கிடைத்தது. புரட்டிப் பார்த்த ஆபீசர், இது ஆட்டு எலும்பு என்றார். அந்த அக்கா விடவில்லை. "படையெடுத்து வந்தவனுங்க ஆடு துன்னாமலா இருந்திருப்பானுங்க?" என்றார். அவர் சிரித்துக்கொண்டே அதையும் ஒரு பையில் போடச் சொன்னார். நான் அதற்கும் மசியால் பெயர் வைத்தேன்.

இது எதுவும் மைன்ஸுக்குத் தெரியாது. ராத்திரிச் சாப்பாட்டின்போது நான் கணவரிடம், அந்த மேட்டில் எத்தனை அடுக்கு மண் இருக்கிறது தெரியுமா என்று பெருமை பேசினேன். "எங்க மிஷினுக்கு எல்லாம் ஒரே மண்ணுதான்" என்றார் அவர். பெரிய சக்கரம் வந்து மேல்மண்ணைச் சுரண்டிப் பெல்ட்டில் ஏற்றிவிடும். பெல்ட் அதைக் கொண்டுபோய் அந்தப் பக்கம் மலையாகக் கொட்டிவிடும். மேலே இருந்தது கீழே, கீழே இருந்தது மேலே. அதற்கும் அடியில்தான் நிலக்கரி. எனக்குக் கோபம் வந்தது. "நான் என்ன செய்யட்டும்? நான் இடத்தை அளந்து கொடி நடுறவன்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தது மின்விளக்கு வெளிச்சத்தில். அந்தச் சரிவில் எல்லா வீட்டிலும் சிமினி விளக்குதான்.

அப்புறம் ஒரு காலை. வழக்கமாக நான் போகும்போதே பெண்களின் பேச்சும் சிரிப்பும் வாய்க்கால் வரைக்கும் கேட்கும். அன்று ஒருவர் வாயும் திறக்கவில்லை. யாருக்காவது உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன். குழிக்குள் இறங்கியதும், கறுப்புப் பட்டைக்கு மேலே ஓரிடத்தில் மண் பொலபொலவென்று இருப்பதைக் கண்டேன். கரணையால் மெல்லச் சுரண்டினேன். நங்கென்று இரும்பு தட்டுப்பட்டது. ஆபீசரைக் கத்திக் கூப்பிட்டேன். அவர் தும்மிக்கொண்டே ஓடிவந்து குழிக்குள் குதித்தார்.

முதலில் ஒரு வேல்முனை வெளிப்பட்டது. துருவேறிய, அகலமான முனை. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் மூன்றாவது. மூன்றும் ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில், நுனி மேலாக நிமிர்ந்து நின்றன. சுற்றியிருந்த மண்ணில் விளக்கெண்ணெய் வாசனை. நடுவேலின் நுனியில் ஓர் எலுமிச்சம்பழம் குத்தியிருந்தது. வாடக்கூட இல்லை.

ஆபீசர் அந்தப் பழத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "பழம் எந்த நூற்றாண்டும்மா?" என்றார்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். நிமிர்ந்து பார்த்தேன். குழியின் விளிம்பில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். அந்த அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"முனீசரு வேலுங்க அது" என்றார் அவர். மறைக்கவோ மழுப்பவோ முயலவில்லை. "தரையில படுக்கப் போடக் கூடாதுங்க. பழம் குத்தாம மொட்டையாவும் வெக்கக் கூடாது. சாமிகிட்ட கேட்டுகினுதான் எடுத்தாந்தோம். பூப்போட்டுப் பாத்தோம், வெள்ளப் பூ வந்திச்சு."

தோப்புக்குள் அந்த முனீஸ்வரனை நானும் பார்த்திருக்கிறேன். கோயில் கிடையாது. வேப்பமரத்தடியில் ஒரு கல், அதன் முன்னால் நட்டுவைத்த வேல்கள், அவ்வளவுதான். ஊரைக் கொளுத்த வந்த எதிரியின் ஆயுதம் என்று காட்டுவதற்கு அவர்களிடம் வேறு இரும்பு இல்லை. தங்கள் சாமியின் கையிலிருந்து பிடுங்கிக் கொண்டுவந்திருக்கிறார்கள். கொண்டுவந்தும், அதைக் கண்டபடி எறிய அவர்களுக்கு மனம் வரவில்லை. எண்ணெய் தடவி, பழம் குத்தி, மரியாதையாக நிறுத்திவைத்துவிட்டு, இது போர் நடந்த இடம் என்று நாங்கள் நம்புவோம் என்று காத்து நின்றிருக்கிறார்கள்.

ஆபீசர் கோபித்துக்கொள்ளவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "எடுத்துட்டுப் போய் இருந்த இடத்துலயே வெச்சிடுங்க" என்றார். பெண்கள் வேல்களை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு தோப்புக்குள் போனார்கள். அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடித்துப்போனது அன்றுதான்.

ஆனால் பிடித்துப்போன மனிதரே ஒரு வாரம் கழித்து அந்த முடிவையும் சொன்னார். பட்டணத்துக்குக் கிளம்புவதற்கு முன் பெண்களை அழைத்துக் குழிக்குள் இறக்கி, ஒவ்வொன்றாகக் காட்டினார். அவர்களிடம் சொல்லாமல் அப்படியே போய்விடக் கூடாது என்று நினைத்திருப்பார்.

"இந்தச் சாம்பல் ஊர் முழுக்க இல்லைங்க. வாய்க்கால் பக்கம் மட்டும்தான். இங்க செங்கல் சுட்டிருக்காங்க, அந்தச் சூளையோட சாம்பல் இது. மத்த இடத்துலல்லாம் வீடு இருந்திருக்கு. ஆனா எரியலை. இதோ, தூண் நட்ட குழி. எரிஞ்சிருந்தா இதுக்குள்ள கரி இருக்கும். வெறும் மண்ணுதான் இருக்கு. தூணைப் பிடுங்கி எடுத்துட்டுப் போயிருக்காங்க. முழுசா ஒரு பானை கிடையாது. அரைக்கிற கல்லு கிடையாது. ஒரு கத்தி கிடையாது. யாரும் இவங்களைத் துரத்தலை. மழை பொய்ச்சிருக்கும், தண்ணி இல்லாமப் போயிருக்கும். தாங்களாவே கெளம்பிப் போயிருக்காங்க."

"தாங்களா போனாங்கன்னு எப்பிடிங்க சொல்றீங்க?" என்று அந்த அக்கா கேட்டார்.

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிருக்காங்களே அம்மா. துரத்தியிருந்தா எடுக்க நேரம் ஏது?"

அந்த அக்கா தூண்குழியையே பார்த்துக்கொண்டு நின்றார். "நேரம் குடுத்துத் தொரத்துனா?" என்றார்.

ஆபீசர் பதில் சொல்ல வாயெடுத்தார். தும்மல் வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அதுக்கு மண்ணுல அடையாளம் இருக்காதும்மா" என்றார். அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். எனக்கு அந்த நிமிஷம் அவர் கொஞ்சம் பொய் சொல்லியிருக்கலாம் என்றுதான் பட்டது.

குழியை மூடினார்கள். நான் பெயர் எழுதிய ஓடுகள் மரப்பெட்டிகளில் வைக்கோல் சுற்றிப் பட்டணத்துக்குப் போயின. நான் மறுபடியும் தோசை மாவோடு போராடத் தொடங்கினேன். முந்திரி சீசன் முடியட்டும் என்று அந்தக் குடியிருப்புக்கு அவகாசம் கொடுத்தார்கள். உண்மையிலேயே நேரம் கொடுத்தார்கள். யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை, யாரும் அதட்டவில்லை. காடாம்புலியூர்ப் பக்கம் ஒரு புறம்போக்கைக் காட்டினார்கள்.

அவர்கள் கிளம்புகிற நாள் கணவர் மூலமாகத் தெரிந்தது. அவர் அங்கே கொடி நட வேண்டியிருந்தது. நானும் கூடவே போனேன். போய் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது, ஆனாலும் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை.

நான் போகும்போது சாமான் பாதிக்கு மேல் வண்டி ஏறிவிட்டது. வீடுகளைப் பிரித்திருந்தார்கள். கூரைக் கழி, பனை விட்டம், கதவு, நிலை, உரல், உலக்கை எல்லாம் வண்டிகளில். நட்டிருந்த தூண்களை ஆட்டி ஆட்டிப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். புதுசாக வாங்கவா முடியும், ஒரு கழியைக்கூட விட்டுப்போக அவர்களுக்குக் கட்டாது. முனீஸ்வரனின் கல்லும் வேல்களும் முதல் வண்டியில் வைக்கோல் மேல் இருந்தன. வேல்கள் நிமிர்ந்துதான் இருந்தன, பழத்தோடு. பிரித்துப்போட்ட வீடுகளின் தரையைப் பெண்கள் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். இருந்த வீட்டைக் குப்பையாக விட்டுப் போகக் கூடாதாம். பின்னால் ஒரு காலத்தில் யாராவது வந்து தோண்டினால் என்ன கிடைக்கும் என்று என் கண் தன்னால் கணக்குப் போட்டது. வெறும் மண் அடைந்த தூண்குழிகள். கரி இல்லை, கல் இல்லை, முழுப்பானை ஒன்று இல்லை. தாங்களாகவே கிளம்பிப் போயிருக்கிறார்கள் என்று எழுதிவைப்பார்கள். அப்படி எழுத நானே பழகியிருந்தேன்.

கடைசி வண்டியில் அந்த அக்கா ஏறிக்கொண்டிருந்தார். அவர் வீடு மட்டும் பாதி பிரித்தும் பிரிக்காமலும் நின்றது. எட்டிப் பார்த்தேன். அடுப்பில் பானை இருந்தது. ஓரத்தில் அம்மி, அதன் மேல் குழவி, பாதி அரைத்த மிளகாய். மறந்துவிட்டார் என்று நினைத்து வண்டிக்கு ஓடினேன்.

"அக்கா! அம்மியை விட்டுட்டீங்க. பானையும் அடுப்புலயே இருக்கு."

"வுடலீங்க எழுதறம்மா. வெச்சிட்டு வந்தேன்" என்றார்.

"எதுக்கு?"

"எவனாச்சும் தோண்டிப் பாப்பான் இல்ல? நாங்களா போவலன்னு தெரியட்டும்."

சக்கரமும் பெல்ட்டும் கண்முன் வந்தன. அந்த அம்மி, பானை, அடுப்பு எல்லாமே ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்து மண்ணோடு மண்ணாக அள்ளப்பட்டு, அந்தப் பக்கத்து மலையில் எங்கேயோ தலைகீழாகப் போய் விழும். அதைத் தோண்டிப் பார்க்க யாரும் வரமாட்டார்கள். வந்தாலும் எந்த வீட்டில் யார் அரைத்த மிளகாய் என்று சொல்ல அங்கே அடுக்கு இருக்காது. அதையெல்லாம் அந்த அக்காவிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கல் அம்மி அது. போகிற இடத்தில் வேறு வாங்க அவர் எத்தனை கூடை கொட்டை உடைக்க வேண்டுமோ.

அவர் வண்டியிலிருந்து குனிந்து, மற்றப் பெண்கள் காதில் விழாதபடி கேட்டார். "சரியா வெச்சிருக்கேனா? கொஞ்சம் பாத்துட்டு வாங்களேன்."

நான் அந்த வீட்டுக்குள் திரும்பிப் போனேன். ஆபீசர் குழியைப் பார்ப்பதுபோல் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தரையைச் சாணி போட்டு மெழுகியிருந்தார், இன்னும் ஈரம் காயவில்லை. துடைப்பம் மூலையில் சாத்தி இருந்தது. பானையில் சோறு இருந்தது. எறும்பு ஏறாமல் இருக்க அதைத் தட்டு போட்டு மூடி, மேலே அகப்பையையும் குறுக்காக வைத்திருந்தார். மூன்று வேல்களும் என் நினைவுக்கு வந்தன. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

பிறகு எழுந்து, அகப்பையை எடுத்து வாசல் பக்கமாக வீசினேன். துடைப்பத்தைக் காலால் தள்ளிச் சாய்த்தேன். தட்டை எடுத்துத் தரையில் போட்டேன். அது உருண்டுபோய்ச் சுவரில் மோதிக் கவிழ்ந்தது. சத்தம் வண்டி வரைக்கும் கேட்டிருக்கும்.

வெளியே வந்தேன். மாடுகள் நகரத் தொடங்கியிருந்தன. அந்த அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப சரியா இருக்குக்கா" என்றேன்.